முப்பது டேப்லெட்களில் என் குரல்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம் பள்ளிக்குத் திரும்பினேன். வேதியியல் ஆய்வகத்துக்குப் போகும் நடையில் கால் வைத்தபோதே என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் காற்றுதான் வந்திருக்கும். உள்ளே நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க பிள்ளைகளா. ஒவ்வொரு சொட்டா விடுங்க. இப்பப் பாருங்க, நிறம் மாறுது."

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் முப்பது பேரும் ஆளுக்கொரு டேப்லெட்டை முன்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தானே அழுத்தி ஓட விட்டதால் முப்பதும் சேர்ந்து பேசவில்லை. ஒன்று ஒரு சொல் முந்தியது, இன்னொன்று ஒரு சொல் பிந்தியது. ஒரே பெண்ணை முப்பது இடத்தில் உட்கார வைத்துப் பேசவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் எல்லாம் ஒவ்வொன்றாக "வெளங்குச்சா?" என்று கேட்டன. பிள்ளைகள் "வெளங்குச்சு டீச்சர்" என்றார்கள். "நல்லது" என்றன டேப்லெட்கள். என்னை அதுவரைக்கும் ஒருத்தியும் பார்க்கவில்லை.

இதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. நானே தேடிக்கொண்டது. பள்ளிக்கு டேப்லெட் வரப்போகிறது என்று தெரிந்ததும், கோவில்பட்டிச் சுற்று வட்டாரத்தில் வேதியியல் நடத்துகிற நாங்கள் சிலர் கூடிப் பேசினோம். அதில் வரும் செயலியில் பியூரெட், பிப்பெட், உப்புச் சோதனை என்று எல்லாம் படமாக இருந்தது. விரலால் தொட்டு இழுத்தால் சோதனைக்குழாய் சாயும், திரவம் நிறம் மாறும். விளக்கம் மட்டும் வாசித்தாலும் புரியாத தமிழில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நம் குரலைப் பதிந்து சேர்க்க அதில் வழி இருந்தது. நான் முன்வந்தேன். எனக்குக் குரல் மேல் கர்வம் உண்டு. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் சங்கு. மில்லில் ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு. நான் கத்தினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மே மாத விடுமுறையில், வீட்டில் ஜன்னல்களைச் சாத்தி, கட்டில் மேல் போர்வையைக் கூடாரம் போலப் போட்டு, அதற்குள் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து நாற்பது துண்டு பதிந்தேன். யார் மேலும் கோபம் இல்லாத நேரம் என்பதால் குரல் தணிவாக, இதமாக வந்தது. வகுப்பில் நான் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. பிள்ளைகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு துண்டின் முடிவிலும் "வெளங்குச்சா?" என்று கேட்டு, நாலு விநாடி விட்டு, "நல்லது" என்று சேர்த்தேன். பெரிய சாமர்த்தியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் கழுத்தில் கத்தி வைத்தார்கள். குரல் நரம்பு சோர்ந்துபோகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு அப்படியே ஆனது. ஆறு மாதத்தில் வந்தாலும் வரும் என்றார் டாக்டர். வராமல் போனால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அவர் குனிந்து என் வாயருகே காதை வைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் திரும்பியபோது புரட்டாசி. பள்ளியைச் சுற்றிலும் கரிசல் காடு உழுது போட்டபடி மழைக்குக் கிடந்தது. மரம் கிடையாது, மறைவு கிடையாது, கண்ணுக்கெட்டின வரை கருப்பு. உச்சிவெயிலில் அந்தப் பக்கம் பார்த்தால் சத்தம் என்கிற ஒன்றையே யாரோ எடுத்துவிட்டது போல இருக்கும். நான் வகுப்பில் நிற்பேன். கரும்பலகையில் எழுதுவேன். பாடத்தை டேப்லெட் நடத்தும். ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்க்காமல், குனிந்து அந்தப் பக்கத்தை மறுபடி அழுத்துவாள். மனதுக்குள் அந்தக் குரலை 'அவள்' என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குக் களைப்பு வராது. எரிச்சல் வராது. ஒன்றையே பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் அதே இதத்தோடு சொல்வாள்.

ஒருநாள் பள்ளி விட்டபின் ஆய்வகத்தில் தனியே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். டேப்லெட்கள் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. வெயில் இன்னும் தாழவில்லை. பீரோவுக்குள்ளிருந்து "வெளங்குச்சா?" என்று அவள் கேட்டாள். நாலு விநாடி. "நல்லது." யாரோ அணைக்காமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். வேதியியல் படித்தவள் நான். இருந்தாலும் பீரோவைத் திறக்கக் கை வரவில்லை. மிச்ச நோட்டுகளை அள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தேன்.

அவளோடு மிகவும் ஒட்டிக்கொண்டவள் வகுப்பின் லீடர் பெண். விளாத்திகுளம் பக்கத்து ஊர். அப்பாவுக்கு மிளகாயும் பருத்தியும் போடுகிற மானாவாரிக் காடு. இரண்டு பஸ் மாறி வருவாள். தன் டேப்லெட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். பஸ்ஸில் வரும்போதும் இயர்போனில் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டு வருவாளாம். ஒருநாள் பக்கத்துப் பெண்ணிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"இதுல வாற டீச்சரு திட்டவே மாட்டாவ, ஏட்டி. எத்தன தடவ கேட்டாலும் சொல்லுவாவ."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். பொறாமையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் குரல் மேலேயே எனக்குப் பொறாமை.

செய்முறைத் தேர்வுக்கு உப்புச் சோதனை பழக்க வேண்டியிருந்தது. டேப்லெட்டில் நூறு தடவை செய்தாலும் தேர்வில் கையில் எடுக்கப்போவது கண்ணாடிக் குழாயும் உண்மையான அமிலமும்தான். ஆய்வக உதவியாளர் பணியிடம் இரண்டு வருடமாகக் காலி. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்து சின்னப் புட்டிகளில் நிரப்புவது வரை எல்லாம் என் வேலை. செய்முறை வைத்த முதல் நாள் காலை எனக்குத் திருநெல்வேலியில் கழுத்துச் சோதனை இருந்தது. மதியம் வந்துவிடலாம் என்று கிளம்பினேன். திரும்பும்போது கயத்தாறு தாண்டி பஸ் டயர் வெடித்து நின்றது. போன் செய்து பேச எனக்கு வழியில்லை. தலைமையாசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். லீடர் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து ஆய்வகத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதுதான் நான் எழுதியது.

எல்லாவற்றையும் என்றுதான் எழுதினேன். நீர்த்த அமிலப் புட்டிகள் காலியாக இருந்தன. அது எனக்கு நினைவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்தது.

இன்னொரு பஸ் பிடித்து, இறங்கி, பள்ளி வாசலிலிருந்து வேகமாக நடந்து வந்தேன். நடையில் திரும்பியதும் அவள் குரல். ஒரே ஒரு டேப்லெட், அதனால் தெளிவாகக் கேட்டது.

"அமிலத்தை நீர்க்க வைக்கும்போது அவசரப்படக் கூடாது. முதல்ல பீக்கர்ல அமிலத்தை எடுத்துக்கிடுங்க. அதுமேல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. பயப்படாதீங்க."

கால் நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. தண்ணீரை முதலில் எடுத்து, அதில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீர் விழுந்தால் அந்த நொடியே கொதித்துத் தெறிக்கும். நான் அதை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். என் வாயால், இதமாக, முப்பது பேருக்கும்.

ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் லீடர் பெண் பீக்கரின் மேல் முகம் குனிந்து நின்றிருந்தாள். பீக்கரில் அமிலம். கையில் மக். "ஊத்தாதே" என்று கத்தினேன். அதாவது வாயைத் திறந்தேன். உடம்பு முழுக்கக் கத்தியது, வெளியே எதுவும் வரவில்லை. டேப்லெட்டில் இருந்தவள் "மெதுவா, மெதுவா" என்றாள். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. அதை ஜன்னல் கம்பியில் ஓங்கி அடித்தேன். பிள்ளை திடுக்கிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்த நொடியில் மக் சாய்ந்தது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. பிறகு பிள்ளையின் அலறல். நான் கதவைத் தள்ளி உள்ளே போவதற்குள் மேஜையிலிருந்து "வெளங்குச்சா?" என்று கேட்டது. பிள்ளை அலறிக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றது.

குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது, என் தொண்டையில் வருவது போல. மூலையில் பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு நாளாகச் சேர்த்த தண்ணீர் இருந்தது. அவளை இழுத்துக்கொண்டு போய் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினேன். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து தங்கள் குடிதண்ணீர் பாட்டில்களைத் திறந்து கவிழ்த்தார்கள். தண்ணீரை அளவு பார்க்காமல் ஊற்றியது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இடது காது, கழுத்து, முன்கை. முகம் திரும்பியிருந்ததால் கண்கள் தப்பின என்றார் கோவில்பட்டி ஆஸ்பத்திரி டாக்டர்.

மறுநாள் பார்க்கப் போனேன். தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். மடியில் டேப்லெட். யாரோ ஒரு தோழி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மறு காதில் இயர்போன். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"டீச்சர் சொன்னபடிக்குத்தான் செஞ்சேன். எங்கன தப்பு விட்டேன்னு தெரியல. காலையில இருந்து திருப்பித் திருப்பிக் கேக்குதேன்."

நோட்டில் எழுதிக் காட்டினேன். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்குமே, பார்க்கவில்லையா?

"பாத்தேன் டீச்சர். புக்குல மாத்திப் போட்டிருந்திச்சு. புக்குல தப்பாப் போட்டிருப்பாவன்னு நெனச்சேன்."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்று எழுதினேன். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அவள் அப்பா, தோளில் துண்டோடு சுவரோரம் நின்றவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"போன வருசம் போர்டுல என்னமோ தப்புன்னு எந்திரிச்சுச் சொன்னதுக்கு நீங்க வெளிய நிப்பாட்டிட்டீகளாம். அதுல இருந்து எதுத்துக் கேக்குறதுக்குப் பயப்படுது. உங்களக் குத்தம் சொல்லுதேன்னு நெனைக்காதீக டீச்சரம்மா. டீச்சருன்னா கண்டிப்பா இருக்கணும்லா."

எனக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருக்கிறேன், எது என்று நினைவு வைப்பது. அவர் எனக்கு டீ வாங்கி வரக் கிளம்பினார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதுதான் ஆபத்து. அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எழுதி வைத்திருந்த அறிக்கையைக் காட்டினார்.

"நீங்க உக்காருங்க டீச்சர். அலட்டிக்கிடாதீங்க. அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்ல. அந்தப் பிள்ள அனுமதி இல்லாம அமில அலமாரியத் தொறந்திருக்குன்னு எழுதியிருக்கேன். செய்முறையில இருந்து இந்த வருசம் நீக்கிருவோம். பிரச்சினை அதோட முடிஞ்சிரும்."

செய்முறை இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்பு தேற முடியாது. ஒரு வருடம் போகும். அந்த ஊரில், கழுத்திலும் காதிலும் வடுவோடு, ஒரு வருடம் வீட்டில் உட்காரும் பெண்ணை மறுபடி யாரும் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் அந்த அறிக்கை மேஜையில் கிடக்க விட்டேன். பேச்சு வராதவள் பேசாமல் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆசிரியர் அறையில் எல்லோரும் என் மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு அருவருப்பு வேறு எப்போதும் வந்ததில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் துண்டை இயர்போனில் கேட்டேன். என் குரலை அப்படி முழுதாக நான் கேட்டதே இல்லை. 'அதுமேல தண்ணியை' என்று அவள் சொல்லும் இடத்தில், பின்னால் மெல்லிசாக வேறு ஒரு சத்தம். திருப்பி ஓட விட்டேன். ஹாரன். தண்ணி லாரி ஹாரன்.

நாற்பதாவது துண்டு அது. எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான். ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓட வேண்டும், இல்லாவிட்டால் வரிசை போய்விடும். போர்வைக்குள் உட்கார்ந்து கடைசித் துண்டைப் பதிந்துகொண்டிருந்தபோது அது வந்திருக்கிறது. மனசு குடத்துக்குப் போய்விட்டது. வாய் தன் போக்கில் முடித்திருக்கிறது. வாய் பழக்கத்தைத்தான் பேசும். எங்கள் பக்கம் தண்ணீர் எதிலும் கடைசியில்தான் சேரும். தயிர் மேல் தண்ணீர் விட்டு மோராக்குவோம். கம்மங்கூழுக்குக் கட்டியைக் கரைக்கிற அளவு பார்த்து விடுவோம். சுண்ணாம்புக் கல்லைக் கூட்டி வைத்து மேலே தெளிப்போம். ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரை முதலில் வைத்துவிட்டு அதில் எதையாவது சேர்ப்பது எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். அந்தப் பிள்ளைக்கும் நான் சொன்னது தப்பாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் யோசித்துக் காரணம் கண்டுபிடித்த பிறகும் பயம் போகவில்லை. லாரியில் தண்ணீர் பிடித்து, குளித்து, சாப்பிட்டு, அதையெல்லாம் மறந்து நான் ஐந்து மாதம் நடமாடியிருக்கிறேன். அவள் மட்டும் அந்த ஒரு நிமிடத்திலேயே உட்கார்ந்து, அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் மேஜையில் வைத்து, ஒலியை முழுசாகக் கூட்டி ஓட விட்டேன். அவர் அறிவியல் படித்தவர். 'அதுமேல தண்ணியை' என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெளங்குச்சா?" என்று கேட்டது. அந்த நாலு விநாடி எங்கள் இரண்டு பேரில் யாரும் அசையவில்லை. அது "நல்லது" என்றதும் அவர் அறிக்கையை இரண்டாகக் கிழித்தார்.

"உங்களுக்கு மெமோ வரும் டீச்சர். சஸ்பென்சனும் வரலாம். தெரிஞ்சுதான் குடுக்கீங்களா?"

தலையை ஆட்டினேன். என் கைப்படப் புது அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சாவி கொடுக்கச் சொன்னது நான், எல்லாவற்றையும் என்று எழுதியது நான், தப்பைச் சொன்னது நான்.

பிறகு பள்ளியில் இருந்த இருபத்தொன்பது டேப்லெட்டையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக என் நாற்பது துண்டையும் அழித்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்று பாக்கி. இந்தப் பதிவு வேறு பள்ளிகளுக்கும் போயிருந்தது. எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். விளாத்திகுளத்திலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. ஒரு பள்ளியிலிருந்து பதிலே இல்லை. மறுநாளே பஸ் ஏறிப் போனேன். அங்கே டேப்லெட்கள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிற்பகல். வார்டில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா வெளியே போயிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவளிடம் நீட்டினேன். தப்பு உன்னுடையது இல்லை. நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். உன் செய்முறைக்கு ஒன்றும் வராது. என்னை மன்னித்துவிடு.

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பெரிய மனுஷி போல என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீங்க மனசப் போட்டு வருத்திக்கிடாதீங்க டீச்சர். இதுல வாற டீச்சரு தப்பாச் சொல்லியிருக்க மாட்டாவ."

தலையணை ஓரத்தில் கிடந்த டேப்லெட்டை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க, துண்டு துண்டாக அழித்தேன். அவள் தடுக்கவில்லை. கடைசித் துண்டு போகும்போது மட்டும் கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் அழித்த பக்கத்தை விரலால் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை அது.

"இனிம எங்களுக்கு யாரு டீச்சர் சொல்லித் தருவா?"

"நான்" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தது கட்டுப் போட்ட காதின் பக்கம். எழுந்து கட்டிலைச் சுற்றிப் போய், மறுபக்கம் குனிந்து, அவள் காதோடு வாயை வைத்து இன்னொரு தடவை சொன்னேன்.